பாத்திரக்காரர் வேண்டாமென்ற சட்டை

பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவரை உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஜரிகைச் சேலையைக் கண்டால் அவர் முகம் மலரும். காலர் கிழிந்த சட்டையைக் கண்டால் சுருங்கும். போன மாதம் எங்கள் பெருந்துறை வீதிக்கு அப்படி ஒருவர் வந்தார். என் மனைவி நாலு கால்சட்டை, இரண்டு சேலை, ஒரு போர்வை இவற்றோடு, என் பெட்டியின் அடியில் கிடந்த பந்தாட்டச் சட்டை ஒன்றையும் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள். மனிதர் மற்றவற்றையெல்லாம் வாரிக் கட்டிக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கொடுத்தார். அந்தச் சட்டையை மட்டும் இரண்டு விரலால் தூக்கித் திருப்பித் தந்துவிட்டார். "இது தண்ணி உறிஞ்சாதுங்கம்மா. மிசின் தொடைக்கக்கூட ஆகாது" என்றாராம்.

நான் வீடு திரும்பியபோது சட்டை திண்ணையில் கிடந்தது. அதைக் கால்மிதியாக்கலாமா என்று என் மனைவி யோசித்துக்கொண்டிருந்தாள். நல்ல வேளை, இன்னும் ஐந்து நிமிஷம் தாமதித்திருந்தால் இந்த வாரம் எழுதுவதற்கு எனக்கு விஷயமே இருந்திராது!

"பொறு, பொறு! இது அகில இந்திய சாம்பியனுடைய சட்டை" என்றேன்.

"அப்படியா? அந்தச் சாம்பியன் இப்போது எங்கே?" என்று கேட்டாள்.

நேயர்களே, அதற்கு என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. சட்டையின் மார்பில் இருந்த சின்னம் பாதி உரிந்திருந்தது. இடது தோளில் தையல் விட்டு, உள்ளே இருந்து நூல் எட்டிப் பார்த்தது. சென்னை சிட்டி என்ற கால்பந்துக் கிளப்பின் சட்டை அது. பெயரில்தான் சென்னை. ஜயித்ததும் ஜனங்கள் கூடியதும் கோயமுத்தூர் நேரு ஸ்டேடியத்தில். 2019-ம் வருஷம் மார்ச் மாதம் 9-ந் தேதி, அந்த மைதானத்தில், தேசிய லீக் பட்டத்தைத் தமிழ்நாட்டுக்கு முதன்முதலாக வாங்கிக் கொடுத்த கோஷ்டி அது.

மறுநாள் காலை சட்டையைப் பையில் வைத்துக்கொண்டு எனக்குத் தெரிந்த தையல்காரரிடம் போனேன். தம்முடைய பெயரைப் பத்திரிகையில் போடக் கூடாது என்பது அவர் நிபந்தனை. ஆகையால் மாஸ்டர் என்றே சொல்கிறேன். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பல வருஷம் பவர் டேபிளில் உட்கார்ந்து தைத்தவர். 2011-ம் வருஷம் ஜனவரியில், நொய்யல் ஆறு கெட்டுப் போன வழக்கில், திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது நினைவிருக்கிறதா? சாயம் ஏறாமல் துணி வராது. துணி வராமல் டேபிள் ஓடாது. அந்தச் சமயத்தில் ஊருக்குத் திரும்பியவர், ஓர் ஓவர்லாக் மிஷினும் ஒரு சாதா மிஷினும் போட்டுக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார்.

மாஸ்டர் சட்டையை வாங்கினார், குறுக்கே இழுத்தார், நெடுக்கே இழுத்தார், உட்புறத்தைப் புரட்டி, வைத்தியர் நாக்கைப் பார்ப்பதுபோல் தையலைப் பார்த்தார்.

"பாலிஸ்டருங். சாயம் அப்படியே இருக்குது. அச்சுத்தான் உரிஞ்சு போச்சு. ஓவர்லாக் நூல் விட்டிருக்குது. ஏனுங் தம்பி, இதுக்கு எதுக்குங் கூலி குடுக்கறீங்க? காதர்பேட்டை போனா எரநூறு ரூவாய்க்குப் புதுசே வாங்கிக்கலாமே?"

"புதுசு கிடைக்காதுங்க மாஸ்டர். அந்தக் கிளப்பே இல்லைங்க."

"அட, அப்படீங்களா?" என்றவர், காலமானவருடைய வேட்டி கைக்கு வந்துவிட்டதுபோல் அதை மெதுவாக மேஜைமேல் வைத்தார்.

அவருக்கு உற்சாகம் வரட்டும் என்று, ஒரு பந்தாட்டச் சட்டை 68 கோடி ரூபாய்க்கு விலைபோன கதையைச் சொன்னேன். நான் பொய் சொல்கிறேன் என்றுதான் முதலில் நினைத்தார். உங்களுக்கும் அப்படித் தோன்றலாம். ஆனால் கணக்கு சரியானதுதான். 2022 மே மாதம் லண்டன் ஸோத்பி ஏலத்தில் அந்தச் சட்டை 71 லட்சம் பவுனுக்கு மேல் போயிற்று. நம் பணத்தில் அன்றைக்கு ஏறக்குறைய 68 கோடி.

அந்தச் சட்டை மரடோனா போட்டுக்கொண்டது. 1986 ஜூன் 22-ந் தேதி, மெக்ஸிகோ நகரத்தில், உலகக் கோப்பைக் கால் இறுதி; அர்ஜென்டினாவும் இங்கிலாந்தும். கையால் தட்டி ஒரு கோல் போட்டு, நாலு நிமிஷம் கழித்துப் பாதி மைதானத்தைத் தனியாகக் கடந்து இன்னொரு கோல் போட்டாரே, அந்த ஆட்டம்! இரண்டையும் உலகம் அறியும். சட்டை வந்த கதைதான் மாஸ்டருக்குப் பிடித்தது. அர்ஜென்டினாக்காரர்கள் அன்று மாற்று நிறமான நீலச் சட்டையில் ஆட வேண்டியிருந்தது. கைவசம் இருந்த நீலச் சட்டை கனமான துணி. நடுப்பகல் வெயிலில் அது வேர்வையில் ஊறிச் சுமையாகிவிடும் என்று பயிற்சியாளர் பிலார்டோ கவலைப்பட்டார். ஆளை அனுப்பி, மெக்ஸிகோ நகரத்துக் கடைகளில் லேசான நீலச் சட்டைகளைத் தேடச் செய்தார். கிடைத்தவற்றில் ஒன்றை மரடோனா காட்ட, அது முடிவாயிற்று. அவசர அவசரமாகச் சின்னத்தைத் தைத்து, எண்ணை இஸ்திரி போட்டு ஒட்டினார்கள். அந்த எண்களும் பளபளவென்று வெள்ளி நிறத்தில் இருந்தன. அமெரிக்கர்கள் தங்கள் முட்டை வடிவப் பந்தாட்டத்துக்கு ஒட்டிக்கொள்ளும் எண்கள்!

"அப்பக் கடைச் சரக்குத்தானுங்களா!" என்று மாஸ்டர் சிரித்த சிரிப்பில், எதிரில் காஜா எடுத்துக்கொண்டிருந்த பெண்கூடத் தலை நிமிர்ந்து பார்த்தது.

ஆட்டம் முடிந்து வெளியே வரும்போது இங்கிலாந்தின் ஸ்டீவ் ஹாட்ஜ் அந்தச் சட்டையைத் தம் சட்டைக்கு மாற்றாக வாங்கிக்கொண்டார். முதல் கோலுக்குப் பந்தை மேலே உயர்த்தி விட்டவரே அந்த மனிதர்தான் என்பது இதில் ஒரு வேடிக்கை. பிறகு இங்கிலாந்தின் தேசியக் கால்பந்து மியூஸியத்தில் பல வருஷம் இரவலாக வைத்திருந்தார். ஏலத்துக்கு வந்தபோது, "அது முதல் பாதியில் போட்ட சட்டை; கோல் போட்ட சட்டை எங்களிடம் அல்லவா இருக்கிறது!" என்று மரடோனாவின் குடும்பத்தார் ஆட்சேபித்தார்கள். ஏலக்காரர்கள் பழைய புகைப்படங்களைப் பெரிதாக்கி, சின்னம் உட்கார்ந்த இடம், எண்ணில் ஓடிய கோடு, துணியின் வரி எல்லாவற்றையும் பொருத்திக் காட்டி, இரண்டாம் பாதிச் சட்டைதான் என்று சாதித்தார்கள்.

இதில் மாஸ்டருக்கு ஆச்சரியமே இல்லை. "ஒரே டேபிள்ல, ஒரே ஆள் தச்சாலும், ரெண்டு பீஸ் ஒண்ணாட்டம் வராதுங். ஒரு நூலாவது தள்ளி விழும்" என்றார். சட்டை சேகரிக்கிறவர்களுக்கு இதுதான் வேதம். ஆட்டக்காரர் மைதானத்தில் உடுத்தியது ஒரு ஜாதி. அவருக்காகத் தைத்து, உடுத்தாமல் போனது இன்னொரு ஜாதி. உங்களுக்கும் எனக்கும் கடையில் விற்பது மூன்றாவது ஜாதி. உள்ளே தைத்த சீட்டையும், கழுத்துப் பட்டியையும், அழியாமல் நிற்கும் புல் கறையையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து ஜாதியை நிர்ணயிக்கிறார்கள்.

கடையில் விற்கும் அந்த மூன்றாவது ஜாதி எப்படிப் பிறந்தது என்பது திருப்பூரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கும் நாம் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய சமாசாரம். ஏனென்றால் அதுவும் உள்ளாடைக் கம்பெனியிலிருந்துதான் பிறந்தது!

இங்கிலாந்தில் லெஸ்டர் என்று ஓர் ஊர். பின்னலாடைக்குப் பேர் போன ஊர். அதை ஒட்டிய விக்ஸ்டனில் குக் அண்டு ஹர்ஸ்ட் என்ற கம்பெனி 'அட்மிரல்' என்ற முத்திரையில் உள்ளாடை போட்டு விற்று வந்தது. 1966-ல் இங்கிலாந்து உலகக் கோப்பையை ஜயித்தது. கம்பெனி முதலாளி பெர்ட் பாட்ரிக்கின் மூளையில் ஒரு யோசனை உதித்தது: டெலிவிஷனில் பந்தாட்டம் பார்க்கிற பையன் ஒவ்வொருவனும், தன் வீரன் போட்டிருக்கும் சட்டை தனக்கும் வேண்டுமென்று தாயாரை நச்சரிக்க மாட்டானா? உள்ளாடையை விட்டு விளையாட்டுச் சட்டைக்குத் தாவினார்.

தாவியதும் ஒரு முட்டுக்கட்டை. அன்றைக்கு இங்கிலாந்தில் பெரிய கோஷ்டி லீட்ஸ் யுனைட்டெட். 1961-ல் மானேஜரான டான் ரெவி, ஸ்பெயின் தேசத்து ரியல் மாட்ரிட்டைப் பார்த்து ஆசைப்பட்டுத் தம் கோஷ்டிக்கு வெள்ளைக்கு வெள்ளை உடுத்திவிட்டவர். சரி, வெறும் வெள்ளைச் சட்டை யாருக்குச் சொந்தம்? யார் வேண்டுமானாலும் தைக்கலாம், யார் வேண்டுமானாலும் விற்கலாம். திருப்பூரில் வெள்ளை பனியன் போடுகிறவர் எத்தனை பேரோ அத்தனை பேருக்கும் போட்டி. ஆகவே பாட்ரிக் வேறு வழி கண்டுபிடித்தார். 1973-ல் ரெவியுடன் ஒப்பந்தம் செய்து, லீட்ஸுக்கு மஞ்சள் நிறத்தில் ஒரு மாற்றுச் சட்டை வரைந்து, தம் கம்பெனி முத்திரையை எல்லோர் கண்ணிலும் படும்படி பொறித்தார். அடுத்த வருஷம் ரெவி இங்கிலாந்து தேசக் கோஷ்டிக்கு மானேஜரானார். இங்கிலாந்துச் சட்டையும் அட்மிரல் கைக்கு வந்தது. வெள்ளைச் சட்டையின் கையில் சிவப்பும் நீலமும் ஓடின. கழுத்திலும் அப்படியே. கோடு போட்டுவிட்டால் அது 'டிஸைன்'. பதிவு செய்து கொள்ளலாம். மற்றவர் தைத்தால் வழக்குப் போடலாம்! தயாரித்தவர் கிளப்புக்குப் பணம் கொடுத்து, அந்தப் பணத்தை ரசிகரின் பையிலிருந்து வசூலிக்கும் வியாபாரம் அங்கேதான் தொடங்கிற்று. விலை அதிகமென்று தாய்மார்கள் முணுமுணுத்துக்கொண்டே வாங்கினார்கள்.

அட்மிரலின் ஆட்டமும் நெடுநாள் ஓடவில்லை. 1980-களின் தொடக்கத்தில் கம்பெனி நொடித்துவிட்டது. ஆனால் அன்று போட்ட சட்டைகள்? 1978-ல் கவென்ட்ரி சிட்டி கிளப்புக்காகச் சாக்லெட் நிறத்தில் ஒரு சட்டை போட்டார்கள். இப்படியும் ஒரு அவலட்சணம் உண்டா என்று நாடே சிரித்தது. இன்றைக்குச் சேகரிப்பவர்கள் அதைத்தான் தேடி அலைகிறார்கள்! மாஞ்செஸ்டரில் 2006-ல் கல்லூரி மாணவர் இருவர், மாறுவேஷ விருந்து ஒன்றுக்காக 1990-ம் வருஷத்து மேற்கு ஜெர்மனிச் சட்டையைத் தேடப் போய், பழைய சட்டைக்கு இத்தனை கிராக்கியா என்று வியந்து, அதையே பெரிய வியாபாரமாக்கிக் கொண்டார்கள். 'தென்னாட்டு மாஞ்செஸ்டர்' என்று பெயர் வாங்கிய கோயமுத்தூர்ச் சீமையில் நாம் பழைய சட்டைக்குப் பிளாஸ்டிக் வாளிதான் வாங்குகிறோம். அதுவும் சட்டை தண்ணீர் உறிஞ்சினால்.

இது நிற்க. லீட்ஸ் கிளப்பின் பெயர் வந்ததால் இன்னொரு பழங்கதையும் சொல்லியாக வேண்டும். என் மனைவி கேட்ட கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது.

லீட்ஸ் யுனைட்டெட்டுக்கு முன்னால் அந்த ஊரில் லீட்ஸ் சிட்டி என்று ஒரு கிளப் இருந்தது. முதல் உலக யுத்த காலத்தில் ஆட்டக்காரர்களுக்குச் சட்ட விரோதமாகப் பணம் கொடுத்ததாக அதன்மேல் புகார் எழுந்தது. கணக்குப் புத்தகத்தைக் கொண்டா என்றார்கள் லீக் அதிகாரிகள். கிளப்பார் கொண்டு வரவில்லை. 1919-ம் வருஷம், பருவம் தொடங்கி எட்டு ஆட்டம் முடிந்த நிலையில், கிளப்பை லீக்கிலிருந்து தள்ளிவிட்டார்கள். அதோடு போயிற்றா? அக்டோபர் 17-ந் தேதி லீட்ஸ் மெட்ரோபோல் ஹோட்டலில் ஏலம். எதை ஏலம் போட்டார்கள் தெரியுமா? ஆட்டக்காரர்களை! மற்ற கிளப்புகளின் பிரதிநிதிகள் வந்து உட்கார்ந்து, இவருக்கு இவ்வளவு, அவருக்கு அவ்வளவு என்று விலை பேசினார்கள். நம் கண்ணபுரம் மாட்டுச் சந்தையில்கூடத் துண்டைப் போர்த்துக்கொண்டு அதற்குள் விரலைத் தொட்டு மறைவாகப் பேரம் பேசுவார்கள். அந்த மரியாதைகூட அங்கே இல்லை. கோல் கம்பம், வலை, பூட்ஸ், சட்டை முதலியனவும் விலை போயின.

அன்று மாலையே, லீட்ஸின் ஹன்ஸ்லெட் பகுதியில் ஒரு பிரார்த்தனை மண்டபத்தில் கூட்டம் கூடிற்று. அந்த மண்டபத்துக்கு என்ன பெயர் என்று நினைக்கிறீர்கள்? சேலம்! நம் மாம்பழச் சேலத்துக்கும் அதற்கும் உறவில்லை. விவிலியத்தில் வரும் சேலம் அது. ஆயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். ஆட்டக்காரர் இல்லை, பணம் இல்லை, கோல் கம்பம்கூட இல்லை. அப்படியும் லீட்ஸ் யுனைட்டெட் என்று ஒரு கிளப்பை அன்றைக்கே ஆரம்பித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள். ஆதரவு கொடுத்த பக்கத்து ஊர் ஹட்டர்ஸ்பீல்டு கிளப்பின் தலைவருக்காக, முதலில் அந்தக் கிளப்பைப் போலவே நீலமும் வெள்ளையும் கோடு போட்ட சட்டையைத்தான் உடுத்தினார்கள். அந்தக் கிளப்தான் பிற்பாடு 1969, 1974, 1992 ஆகிய மூன்று வருஷங்களில் இங்கிலாந்தின் சாம்பியனாயிற்று. பிறகு கடனில் மூழ்கிக் கீழே விழுந்து, மறுபடி எழுந்து, மறுபடி விழுந்து, 2025-ல் மறுபடியும் மேல் லீக்குக்கு வந்தது. அது பெரிய கதை. இன்னொரு வாரம் பார்க்கலாம்.

நம் தேசத்திலும் சட்டைக்காக வரிந்து கட்டியவர்கள் உண்டு. கல்கத்தாவில் மோகன் பகான் கிளப் 1889-ல் ஏற்பட்டது. 1911 ஜூலை 29-ந் தேதி, பச்சையும் அரக்குச் சிவப்பும் கலந்த சட்டை போட்ட அந்தக் கோஷ்டி, ஐ.எப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டத்தில் கிழக்கு யார்க்ஷயர் பட்டாளத்தை இரண்டுக்கு ஒன்று என்று ஜயித்தது. பதினோரு பேரில் பூட்ஸ் போட்டவர் சுதிர் சட்டர்ஜி ஒருவர்தான். மற்றப் பத்துப் பேருக்கும் வெறும் கால். வெள்ளைக்காரனை வெறும் காலால் ஜயித்த அந்தத் தேதியை வங்காளிகள் இன்றும் கொண்டாடுகிறார்கள்.

அந்த மோகன் பகானின் பந்தாட்டப் பிரிவு 2020-ல் ஏ.டி.கே. என்ற புதிய கோஷ்டியோடு இணைக்கப்பட்டது. பெரிய முதலாளி, பெரிய பணம். வேண்டியதுதான். பச்சையும் அரக்கும் மாறக்கூடாது என்று பழைய அபிமானிகள் கூச்சல் போட்டதில் சட்டை தப்பியது. ஆனால் பெயர் 'ஏ.டி.கே. மோகன் பகான்' என்று ஆயிற்று. ஜனங்கள் விடுவார்களா? "அந்த மூன்று எழுத்தை எடு!" என்று வீதியிலும் மைதானத்திலும் மூன்று வருஷம் ஓயாமல் கோஷம் போட்டார்கள். 2023 மார்ச்சில் கோஷ்டி ஐ.எஸ்.எல். கோப்பையை ஜயித்த இரவில், முதலாளியே எழுந்து, இனி அந்த மூன்று எழுத்து இல்லை என்று அறிவித்தார். அந்த ஜூன் முதல் 'மோகன் பகான் சூப்பர் ஜயண்ட்' என்று பெயர். பின்னால் ஒட்டிய வாலைப் பற்றியும் சிலருக்கு மனத்தாங்கல்தான்; போகட்டும்.

இப்போது கோயமுத்தூருக்கு வருகிறேன்.

சென்னை சிட்டி கிளப்பின் பூர்வாசிரமப் பெயர் நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப். 1946-ல் சென்னையில் ஏற்பட்டது. ஐ-லீக்கில் சேர்ந்து, பின்னர் கோயமுத்தூரைத் தன் சொந்த மைதானமாக்கிக்கொண்டது. 2018-19 பருவத்தில் சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸ் பயிற்சியளிக்க, பெத்ரோ மான்ஸி என்ற முன்னணி ஆட்டக்காரர் அந்த ஒரு பருவத்தில் மட்டும் 21 கோல் போட்டார். கடைசி நாள் வரை பட்டம் யாருக்கென்று தெரியவில்லை. நம்மவர்களுக்கு 40 புள்ளி; கல்கத்தாவின் கிழக்கு வங்காளத்துக்கு 39. நம்மவர்கள் கோயமுத்தூரில் பஞ்சாபின் மினர்வாவோடு ஆட, அவர்கள் அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலத்தோடு ஆடினார்கள். ஜயித்தால் மூன்று புள்ளி, சமன் ஆனால் ஒன்று. நாம் சமன் செய்து அவர்கள் ஜயித்தால், பட்டம் கல்கத்தாவுக்கு ரயில் ஏறிவிடும்.

நானும் என் சிநேகிதனும் பெருந்துறையில் பஸ் ஏறிக் காந்திபுரத்தில் இறங்கி, நேரு ஸ்டேடியத்தைச் சுற்றி இருக்கும் கடைகளின் ஊடே நுழைந்து, காலரியில் இடம் பிடித்தோம். இந்தச் சட்டை அன்றைக்குத்தான் முதன்முதலில் என் உடம்பில் ஏறியது. உட்கார்ந்து மூச்சு வாங்குவதற்குள் மினர்வா ஒரு கோல் போட்டுவிட்டது! பக்கத்தில் இருந்த பெரியவர், "சகுனமே செரியில்லீங்" என்று என் சட்டையைப் பார்த்தார். புதுச் சட்டையைக் கட்டாயம் சனிக்கிழமையில்தான் உடுத்த வேண்டுமா என்று கேட்பதுபோல. ஆமாம், அன்று சனிக்கிழமை.

பாதி ஆட்டம் வரை அந்த ஒரு கோல் எங்கள் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தது. இரண்டாம் பாதியில் பெனால்டி கிடைத்து மான்ஸி சமன் செய்தார். பிறகு கௌரவ் போரா. இவர் பின்வரிசைக்காரர், அஸ்ஸாம் பையன். கோல் போடுவது இவர் தொழிலல்ல. அவர் ஒன்று போட்டார். இனி எல்லோர் கண்ணும் மைதானத்தில் பாதி, செல்போனில் பாதி. கோழிக்கோட்டில் கோகுலம் முந்தியது என்று சேதி வந்ததும் காலரியில் ஒரு துள்ளல். சற்றுக் கழித்து கிழக்கு வங்காளம் சமன் செய்தது. இன்னும் சற்றுக் கழித்து ஜயிக்கும் கோலையும் போட்டுவிட்டது. இங்கே மினர்வா ஒரே ஒரு கோல் போட்டால் போதும், எல்லாம் போய்விடும். என் பக்கத்துப் பெரியவர் என் இடது தோளைப் பிடித்தவர் விடவில்லை. கூடுதல் நிமிஷத்தில் அதே போரா இன்னொரு கோல் போட்டார். மூன்றுக்கு ஒன்று! பெரியவர் என் தோளை இழுத்து ஒரு குலுக்குக் குலுக்கினாரே பாருங்கள், தையல் விட்டது அப்போதுதான். 43 புள்ளி நமக்கு, 42 அவர்களுக்கு.

அந்த வருஷமே சுவிட்ஸர்லாந்தின் பிரசித்தி பெற்ற பாஸல் கிளப் இதில் 26 சதவிகிதப் பங்கு வாங்கியிருந்தது. 2020 ஜனவரியில் நம்மவர்கள் ஆசிய சாம்பியன் போட்டியின் தகுதி ஆட்டத்துக்காகப் பஹ்ரைனுக்குப் போய் ஒரு கோலில் தோற்று வந்தார்கள். தோற்றால் என்ன? போனார்களே! மார்ச்சில் கொரோனா வந்து லீக் நின்றது. அடுத்த பருவத்தை வங்காளத்திலேயே, பார்வையாளர் இல்லாமல் நடத்தினார்கள். அதற்கடுத்த 2021-22 பருவம் தொடங்கியபோது பட்டியலில் சென்னை சிட்டி இல்லை. பட்டம் வாங்கி மூன்று வருஷம்கூட முழுசாக ஆகவில்லை.

அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் என்ன செய்தேன்? அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். லீட்ஸ்காரர்களைப்போல் அன்று மாலையே எழுந்து எந்தச் சேலம் மண்டபத்துக்கும் போகவில்லை. கல்கத்தாக்காரர்களைப்போல் வீதியில் நின்று ஒரு கோஷம் போடவில்லை. சட்டையைப் பெட்டியின் அடியில் போட்டு, மேலே போர்வையை வைத்தேன். பத்திரிகைக்காரன் என்று பெயர். நாலு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. இதையெல்லாம் மாஸ்டரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லத் தோன்றுகிறது.

மூன்றாம் நாள் போனபோது சட்டை தயாராக இருந்தது. தோளில் ஒரே நிறத்து நூலில் இரண்டு வரி ஓட்டியிருந்தார். "சின்னத்தைப் புதுசா அச்சடிச்சுத் தரச் சொல்லட்டுங்களா? நம்ம பக்கத்துலயே ஆளிருக்குது" என்றார். வேண்டாமென்றேன். நாற்பது ரூபாய் கூலி. கொடுத்துவிட்டுத் திரும்பும்போது கேட்டார்:

"அந்தக் கடைசிக் கோல் போட்ட பையன் எந்த ஊருன்னு சொன்னீங்க தம்பி?"

"அஸ்ஸாமுங்க."

"அப்ப ஞாயித்துக்கெழமை சாயங்காலம் சிப்காட் பக்கம் போய்ப் பாருங்க. வடக்கத்திப் பசங்க, கம்பெனில வேலை செய்யறவங்க, பந்து ஆடறாங்க. அஸ்ஸாம் பசங்களும் இருக்கறாங்க."

போனேன். சட்டையைப் போட்டுக்கொண்டுதான் போனேன். சாலையோரத்துப் பொட்டல், கற்களை அடுக்கி கோல் கம்பம். இருபது வயது இருக்கும் ஒரு பையன் என் மார்பைக் குனிந்து பார்த்தான். உரிந்த சின்னத்தை எழுத்துக் கூட்டினான். "சென்னை... சிட்டி?" என்றவன், திரும்பி மற்றவர்களைப் பார்த்து, "கௌரவ் போரா டீம்!" என்று கத்தினான். அவ்வளவுதான், என்னைப் பேசவே விடவில்லை. ஆள் குறைகிறதென்று கோலில் நிறுத்திவிட்டார்கள்.

ஐந்து கோல் விட்டேன். தையல் விடவில்லை.